மலிவான ரெப்ளிகா கைக்கடிகாரம்: கோளாறு வாரியாகக் காரணமும் தீர்வும்

பெரிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய மலிவான நகல் கைக்கடிகாரம் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. தெரிந்தே வாங்கியிருக்கலாம், அசல் என்று நம்பி ஏமாந்திருக்கலாம், யாரேனும் பரிசாகக் கொடுத்திருக்கலாம். இப்போது அது நின்றுவிட்டது, அல்லது தாறுமாறாக ஓடுகிறது, அல்லது மணிக்கட்டில் அரிப்பு வந்துவிட்டது. உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கிருந்தே படிக்கத் தொடங்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிகாரங்களைச் செய்கிறவர்கள் கண்ணில் படும் இடத்தில்தான் காசைப் போடுவார்கள்: டயலில் உள்ள பெயர், மேல் பளபளப்பு, பெட்டி, அத்துடன் வரும் அட்டை. உள்ளே இருக்கும் மெஷின், நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம், செயினைப் பிடிக்கும் ஊசி, தோலைத் தொடும் உலோகம் ஆகிய எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்திருப்பார்கள். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த மிச்சத்தின் விளைவு. ஆகவே ஒவ்வொரு தலைப்பிலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது: சரிசெய்ய முடியுமா? முடிந்தாலும் அந்தச் செலவு தகுமா?

முதல் வேலை: உள்ளே என்ன மெஷின் என்று பாருங்கள்

பின் மூடியைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். நொடி முள்ளை உற்றுப் பாருங்கள். நொடிக்கு ஒருமுறை ‘டிக்’கென்று தாவி நின்றால் அது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். உள்ளே ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மின்சுற்று அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கி, நொடிக்கு ஒரு துடிப்பாக மாற்றி முள்ளுக்கு அனுப்புகிறது. முள் சிறு சிறு அசைவுகளாக வழுக்கிக்கொண்டு போனால் அது ஸ்பிரிங்கில் ஓடும் மெக்கானிக்கல் மெஷின். பரவலாகப் புழங்கும் மெஷின்கள் மணிக்கு 21,600 அல்லது 28,800 துடிப்பு கொண்டவை. அதாவது முள் நொடிக்கு ஆறு அல்லது எட்டு சிறு அடிகள் வைக்கும்.

விற்றவர் ‘ஆட்டோமேட்டிக்’ (கை அசைவிலேயே சாவி ஏறும் மெக்கானிக்கல் வகை) என்று சொல்லியிருந்து, டயலிலும் அப்படியே எழுதியிருந்து, முள் மட்டும் நொடிக்கு ஒருமுறை தாவினால், சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்பது அங்கேயே தெளிவாகிவிடும். ஆனால் முள் வழுக்கிப் போவதால் மட்டும் ஒரு கடிகாரம் அசலாகிவிடாது. மலிவான மெக்கானிக்கல் மெஷின் போட்ட நகல்கள் ஏராளம்.

கோளாறு: பேட்டரிக் கடிகாரம் நின்றுவிட்டது

சாவித் திருகு முழுவதும் உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேரத்தை மாற்ற வெளியே இழுத்த நிலையில் இருந்தால் பெரும்பாலான குவார்ட்ஸ் மெஷின்கள் ஓடாது. நகல்களில் இந்தத் திருகு அடிக்கடி தளர்ந்துவிடும். சட்டைக் கையில் மாட்டி இழுபட்டாலும் வெளியே வந்துவிடும்.

திருகு சரியாக இருந்தால் அடுத்தது பேட்டரி. புதிதாக வாங்கிய கடிகாரம் சில மாதங்களிலேயே நின்றுவிட்டதென்றால் ஆச்சரியப்பட வேண்டாம். கடிகாரங்களுக்கு உகந்தது சில்வர் ஆக்சைடு பட்டன் பேட்டரி. அதன் மேல் எஸ்.ஆர். என்ற எழுத்துகள் இருக்கும். 1.55 வோல்ட்டை ஏறக்குறைய கடைசி வரை சீராகக் கொடுக்கும். நகல்களில் அதே அளவுள்ள ஆல்கலைன் பேட்டரியைப் போட்டு அனுப்புவது வழக்கம், அதில் எல்.ஆர். என்று இருக்கும். அதன் வோல்ட்டேஜ் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போகும், சீக்கிரம் தீரும். அதைவிட முக்கியம், தீர்ந்தபின் உள்ளேயே விட்டுவைத்தால் காரத்தைக் கசியவிடும். கசிந்த காரம் மின்சுற்றுப் பலகையிலும் செம்புச் சுருளிலும் படிந்தால் மெஷின் அத்துடன் போயிற்று. எனவே நின்ற கடிகாரத்தை அலமாரியில் மாதக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். பேட்டரியை உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

பழைய பேட்டரியில் எழுதியிருப்பதைப் பார்த்து, அதே அளவுள்ள எஸ்.ஆர். வகையைப் போடச் சொல்லுங்கள். எல்.ஆர். 626 இருந்த இடத்தில் எஸ்.ஆர். 626 தாராளமாகப் பொருந்தும். பின் மூடியைத் திறந்தவுடன் உள்ளே ஒரு பார்வை பார்க்கச் சொல்வதும் நல்லது. அகலமான கூட்டின் நடுவில் சிறிய மெஷின் ஒன்று, அதைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் வளையம்: மலிவான நகல்கள் பலவற்றில் இதுதான் காட்சி. அந்த வளையம் ஆடினால் மெஷினும் ஆடும், சாவித் திருகும் சரியாக உட்காராது.

புதுப் பேட்டரி போட்டும் ஓடவில்லை என்றால் மெஷினைக் கழற்றிப் பழுதுபார்ப்பது வீண் வேலை. ஜப்பானின் மியோட்டா நிறுவனம் செய்யும் 2035 போன்ற எளிய குவார்ட்ஸ் மெஷின்கள் முழுதாகவே மாற்றிப் போடும்படி மலிவாகத் தயாரிக்கப்படுபவை. டயலின் பின்னால் உள்ள சிறு ஊன்றுகால்களும் முள் துளைகளும் பொருந்தினால் மாற்றிவிடலாம். நகல்களில் டயலை இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தால், பிரிக்கும்போதே அது வளைந்துபோகும் வாய்ப்பு அதிகம். பழுது பார்ப்பவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதைக் கேளுங்கள்.

இன்னொரு குறிப்பு: சில நல்ல குவார்ட்ஸ் மெஷின்களில் பேட்டரி தீரும் தறுவாயில் நொடி முள் இரண்டு அல்லது நான்கு நொடிக்கு ஒருமுறை மொத்தமாகத் தாவும். அது கோளாறு அல்ல, பேட்டரியை மாற்றச் சொல்லும் அறிவிப்பு.

கோளாறு: நேரம் தப்புகிறது

எவ்வளவு தப்புகிறது என்று அளந்த பிறகே கவலைப்படலாம். கைப்பேசி நேரத்துடன் ஒத்துவைத்து, ஒரு வாரம் கழித்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் குவார்ட்ஸ் மாதத்துக்குச் சுமார் 20 நொடி முன்பின் ஆகலாம். மெக்கானிக்கலுக்கு அளவுகோல் வேறு. சுவிட்சர்லாந்தின் கோஸ்க் நிறுவனம் க்ரோனோமீட்டர் (சோதித்துத் தேறிய துல்லியமான கடிகாரம்) சான்றிதழ் தருவதற்கு நாள் சராசரி −4 முதல் +6 நொடிக்குள் இருக்க வேண்டும். நம்பகமான, எளிய மியோட்டா 8215 மெஷினுக்கு அதன் தயாரிப்பாளரே −20 முதல் +40 நொடி வரை இடம் கொடுக்கிறார். ஆக, உங்கள் ஆட்டோமேட்டிக் நகல் நாளுக்கு அரை நிமிடம் தப்பினால் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; டயலில் ‘க்ரோனோமீட்டர்’ என்று எழுதியிருப்பதுதான் பொய்.

திடீரென்று நாளுக்குப் பல நிமிடங்கள் வேகமாக ஓடத் தொடங்கினால் காந்தம் ஏறியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளப்பது பேலன்ஸ் சக்கரம்; அதன் ஹேர்ஸ்பிரிங் மயிரிழை போன்ற சுருள். காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, சக்கரம் விரைந்து ஆடும். ஒலிபெருக்கி, கைப்பையின் காந்தக் கொக்கி, டேப்லெட் உறை ஆகியவற்றின் அருகில் வைத்திருந்தாலே போதும். சோதிப்பது எளிது: சாதாரணத் திசைகாட்டியின் பக்கத்தில் கடிகாரத்தை மெல்ல நகர்த்துங்கள். ஊசி நன்றாக இழுபட்டு ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்த நீக்கி வைத்திருக்கும் கடையில் சில விநாடிகளில் சரிசெய்துவிடுவார்கள். நகலில் ஏற்படும் கோளாறுகளில் மனநிறைவோடு சரிசெய்யக்கூடியது இது ஒன்றுதான்.

காந்தம் இல்லை, ஆனாலும் ஒரு நாள் வேகம், மறுநாள் தாமதம் என்று அலைகிறதா? எண்ணெய் இடாமல், தூசியோடு பூட்டிய மெஷின் என்று பொருள். முழுதாகப் பிரித்துக் கழுவி எண்ணெயிட்டால் ஓடும். அந்தக் கூலி, கடிகாரத்துக்கு நீங்கள் கொடுத்த விலையைத் தாண்டிவிடும். நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

குவார்ட்ஸ் கடிகாரம் காந்தத்தின் அருகில் நின்று, தள்ளி வைத்ததும் ஓடினால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் சிறு மோட்டாரைக் காந்தம் சற்று நேரம் கட்டிப்போடுகிறது. நிரந்தரச் சேதம் இராது. நேரத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

கோளாறு: ஆட்டோமேட்டிக் இரவில் கழற்றி வைத்தால் காலையில் நின்றிருக்கிறது

நல்ல நிலையில் உள்ள சாதாரண ஆட்டோமேட்டிக் முழுச் சாவி இருந்தால் சுமார் 40 மணி நேரம் ஓட வேண்டும். நாள் முழுவதும் மேசை முன் அமர்ந்திருப்பவரின் கை அசைவு சாவி ஏறப் போதாமல் போகலாம். திருகால் சாவி கொடுக்கும் வசதி இருந்தால் இருபது, முப்பது சுற்றுக் கொடுத்துவிட்டு அசையாமல் வைத்துப் பாருங்கள். 30 மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மெஷின் நலமே. உங்கள் கைதான் குறைவாக அசைகிறது. எட்டுப் பத்து மணி நேரத்தில் நின்றால் உராய்வு அதிகம், அல்லது ஸ்பிரிங்கில் குறை.

கையை ஆட்டும்போது உள்ளே சாவி ஏற்றும் எடை சுழலும் சத்தம் கேட்டால் உடனே பழுதென்று முடிவு கட்டாதீர்கள். ஒரு பக்கம் சுழலும்போது மட்டும் சாவி ஏறும் மெஷின்களில் மறுபக்கம் எடை தடையின்றிச் சுழன்று ஓசை எழுப்பும். உரசும் சத்தமோ இரும்புத் துணுக்கு உருளும் சத்தமோ கேட்டால்தான் ஆபத்து. எடையைப் பிடிக்கும் திருகு கழன்றிருக்கும். உடனே கழற்றி வையுங்கள், ஆட்டாதீர்கள்.

கோளாறு: பக்கத்துப் பொத்தான்களை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

டயலுக்குள் மூன்று சிறு வட்டங்கள், பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் என்றால் அது ஓட்டநேரம் அளக்கும் க்ரோனோகிராஃப் ஆக இருக்க வேண்டும். மேல் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அளவு தொடங்கும், மறுமுறை அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முட்கள் பூஜ்யத்துக்குத் திரும்பும்.

நடுவிலுள்ள நீண்ட நொடி முள்ளைக் கவனியுங்கள். அசல் க்ரோனோகிராஃப்களில் பெரும்பாலும் அது 12-இல் அசையாமல் நிற்கும், அழுத்தினால்தான் கிளம்பும். சாதாரண நொடி ஓடுவது சிறு வட்டம் ஒன்றில். மலிவான நகலில் நடு முள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். சிறு வட்டங்களில் கிழமை, மாதம், 24 மணி நேரம் ஆகியவை இருக்கும். பொத்தானை அழுத்தினால் கிழமை ஒன்று தள்ளும். இன்னும் மலிவானவற்றில் வட்டங்கள் டயலில் அச்சிட்டவை. அவற்றின் முட்கள் ஒட்டியவை. பொத்தான்கள் கூட்டோடு வார்த்தவை. இங்கே பழுதுபார்க்க எதுவும் இல்லை. இல்லாத இயக்கத்தை எந்தக் கடிகாரக்காரரும் கொண்டுவர முடியாது. பொத்தானைப் பலமாக அழுத்திப் பார்க்காதீர்கள். அந்தத் துளை வழியாக நீர் புக வழி பிறக்கும்.

‘டூர்பியோன்’ என்று டயலில் எழுதி, ஒரு துளை வழியாகச் சக்கரம் ஆடுவதைக் காட்டும் நகல்களும் இதே கணக்கு. கடிகார வல்லுநர் ஆபிரகாம்-லூயி பிரெகே 1801-இல் காப்புரிமை பெற்ற டூர்பியோனில், பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் கூண்டே சுழல வேண்டும். பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். சக்கரம் முன்னும் பின்னும் ஆடி, கூண்டு இருந்த இடத்திலேயே இருந்தால் அது டயலில் போட்ட ஓட்டை, அவ்வளவே.

கோளாறு: தேதி பாதியில் நிற்கிறது அல்லது பகலில் மாறுகிறது

நண்பகலில் தேதி மாறினால் முதலில் 12 மணி நேரம் முன்னால் தள்ளிப் பாருங்கள். காலை, மாலை குழம்பியிருக்கும். அதன் பிறகும் ஏழு மணிக்கோ நான்கு மணிக்கோ மாறினால் முட்களைப் பூட்டியவர் தேதி மாறும் கணத்தில் 12-இல் வைத்துப் பூட்டவில்லை. முட்களை எடுத்துத் திரும்பப் பூட்டினால் தீரும், சிறிய வேலை.

தேதி இரண்டு எண்ணுக்கு நடுவே நிற்பது பெரும்பாலும் உடைந்த பல்லின் அடையாளம். இரவு 9 முதல் அதிகாலை 3 வரை தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே பிடிப்பில் இருக்கும். அந்த நேரத்தில் திருகைக் கொண்டு தேதியை மாற்றினால் பல் ஒடியும். அசலுக்கும் இது பொருந்தும். நகலில் பிளாஸ்டிக் பல் என்பதால் முதல் முறையே ஒடிந்துவிடக்கூடும். முட்களை ஆறு மணிக்குக் கொண்டுவந்து, பிறகு தேதியை மாற்றும் பழக்கம் நல்லது.

கோளாறு: கண்ணாடிக்குள் பனி படர்கிறது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே ஈரம் புகுந்த கடிகாரத்துக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நீர் புகுந்த சில நாள்களிலேயே உள்ளே இருக்கும் இரும்புப் பாகங்களில் துரு ஏறும், டயலின் வண்ணம் கொப்பளிக்கும்.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்: கையிலிருந்து கழற்றி வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். உப்பு நீர் பட்டிருந்தால், திருகை அழுத்திப் பிடித்தபடி வெளிப்புறத்தை மட்டும் நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். திருகை இழுக்கவோ பொத்தான்களை அழுத்தவோ வேண்டாம். அதே நாளில் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்ப் பின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். குவார்ட்ஸ் என்றால் பேட்டரியை எடுத்துவிட்டு உலர்த்த வேண்டும். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டுவது தவறு: ஈரம் ஆவியாகி உள்ளேயே சுற்றும், குளிர்ந்ததும் திரும்பப் படியும், ஒட்டிய டயலும் பிசின் இளகிப் பெயரும். அரிசியில் புதைத்து வைப்பதாலும் மூடிய கூட்டுக்குள் இருக்கும் ஈரம் வெளியே வராது.

உலர்த்திய பின் அடுத்த கேள்வி: எந்த வழியாகப் புகுந்தது? பின் மூடியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி அல்லவா குளித்தோம் என்று பலர் வருந்துகிறார்கள். நீர் எதிர்ப்புக் கடிகாரங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 22810 என்ற தரநிலை இருக்கிறது. முக்குளிப்போர் கடிகாரங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற கடுமையான தரநிலை இருக்கிறது. அந்தப் பெயரைத் தாங்க, கடிகாரம் குறைந்தது 100 மீட்டர் அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். நகலின் மூடியில் ‘300 மீட்டர்’ என்று இருப்பது அசலின் மூடியைப் பார்த்து வெட்டிய எழுத்து. எந்த அழுத்தக் கலத்துக்குள்ளும் அது போயிருக்காது. உண்மையாகவே 30 மீட்டர் எழுதப்பட்ட நல்ல கடிகாரத்துக்குக்கூட அந்த எண் மழைத்துளி, கைகழுவல் ஆகியவற்றைத் தாங்கும் என்ற அளவில்தான் பொருள். அதை மாட்டிக்கொண்டு நீந்தக் கூடாது.

புகும் இடங்கள் மூன்று: பின் மூடியின் ரப்பர் வளையம், சாவித் திருகின் தண்டு, கண்ணாடியின் விளிம்பு. பின் மூடி வளையம் எளிதில் மாற்றக்கூடியது, அளவு பார்த்துப் போட்டுவிடலாம். திருகிப் பூட்டும் வகைச் சாவித் திருகின் மறை தேய்ந்திருந்தால் கூட்டின் குழாயையே மாற்ற வேண்டும். நகலின் அளவுக்கு உதிரி பெரும்பாலும் கிடைக்காது. கண்ணாடி விளிம்பில் வளையமே இல்லாமல் பசையால் ஒட்டியிருந்தால் அதைத் தண்ணீர் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பது ஒன்றே வழி.

கோளாறு: மணிக்கட்டில் அரிப்பு, சிவப்பு, கொப்புளம்

மற்ற கோளாறுகளில் கெடுவது கடிகாரம். இதில் கெடுவது உங்கள் தோல். ஆகவே ‘இன்னும் ஒரு நாள் போட்டுப் பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்போதே கழற்றுங்கள்.

பெரும்பாலும் காரணம் நிக்கல். மலிவான கூடுகளும் செயின்களும் துத்தநாகக் கலவையிலோ பித்தளையிலோ வார்க்கப்பட்டு, நிக்கல் அடிப்பூச்சின் மேல் மெல்லிய பளபளப்பு முலாம் ஏற்றப்பட்டவை. வியர்வை அந்த முலாமை அரித்ததும் நிக்கல் கரைந்து தோலில் இறங்குகிறது. நல்ல 316எல் எவர்சில்வரிலும் பத்து விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் உண்டு, ஆனால் அது உலோகத்துக்குள் கட்டுண்டு கிடப்பதால் மிகச் சிறிதளவே வெளியேறும். எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வெளியேறுகிறது என்பதே முக்கியம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், கடிகாரக் கூடு, வார், கொக்கி போன்று தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருள்களிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று வரம்பு விதித்திருக்கிறது. ரகசியமாகச் செய்து ரகசியமாக விற்கும் நகலை இந்த வரம்புக்கு யாரும் சோதிப்பதில்லை.

அரிப்பு உடனே வராமல் ஓரிரு நாள் கழித்தும் வரலாம். அதனால் பலர் சோப்பையோ உணவையோ காரணம் என்று நினைத்துவிடுகிறார்கள். தடிப்பின் வடிவத்தைப் பாருங்கள். பின் மூடியின் வட்டமோ கொக்கியின் கட்டமோ தோலில் அப்படியே பதிந்திருந்தால் ஐயமே வேண்டாம். அந்த இடத்தை மென்மையான சோப்பும் நீரும் கொண்டு கழுவி உலரவிடுங்கள். கொப்புளம், நீர் கசிவு, பரவும் சிவப்பு இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். உண்மையிலேயே நிக்கல்தானா என்று ஒட்டுப் பரிசோதனை மூலம் அவர் உறுதி செய்வார்.

கடிகாரத்தையும் சோதிக்கலாம். டைமெத்தில்கிளையாக்சைம் என்ற வேதிப்பொருள் கொண்ட நிக்கல் சோதனைக் கரைசல் விற்பனைக்குக் கிடைக்கிறது. பஞ்சுக் குச்சியில் இட்டுப் பின் மூடியில் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். சிவந்தால் அந்தக் கடிகாரத்தை மீண்டும் அணியாதீர்கள். நிறமற்ற நகப்பூச்சைப் பின் மூடியில் பூசினால் போதும் என்று சொல்வார்கள். வியர்வையில் சில நாள்களில் உரிந்துவிடும், நீங்கள் கவனிக்கும் முன்பே தோல் மறுபடி தொட்டுவிடும். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை உண்டாகிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பிறகு காதணி, இடுப்புப்பட்டையின் கொக்கி, ஜீன்ஸ் பொத்தான் என எதைத் தொட்டாலும் தொல்லைதான். மலிவாகக் கிடைத்த ஒரு பொருளுக்காக அந்த விலையை யாரும் கொடுக்கக் கூடாது.

கோளாறு: முலாம் உரிகிறது, தோலில் பச்சைக் கறை

பச்சை நிறம் செம்பின் உப்பு. அடியில் செம்பு கலந்த பித்தளை இருக்கிறது. கறையால் தீங்கில்லை, கழுவினால் போய்விடும். ஆனால் முலாம் போய்விட்டது என்பதற்கு அது சாட்சி. அரிப்புப் பற்றி மேலே சொன்னது இனி உங்களுக்கும் பொருந்தும்.

காந்தம் ஒட்டாவிட்டால் எவர்சில்வர் என்று விற்பவர் காட்டும் சோதனையை நம்ப வேண்டாம். 316எல்லில் காந்தம் ஒட்டாது என்பது உண்மை. பித்தளையிலும் துத்தநாகக் கலவையிலும்கூட ஒட்டாது. மெக்கானிக்கல் கடிகாரத்தின் அருகில் காந்தத்தைக் கொண்டுபோனால் வேறு கோளாறு வரும் என்பதையும் மேலே பார்த்தோம்.

கோளாறு: செயின் கழன்று விழுகிறது, முள் கழன்று உருள்கிறது, இருட்டில் ஒளிரவில்லை

செயினைக் கூட்டோடு பிணைப்பது இரு முனையிலும் ஸ்பிரிங் வைத்த மெல்லிய ஊசி. இதை மாற்றுவது மிக எளிது. நகலை வாங்கியவுடனே, கோளாறு வரும் முன்பே நல்ல ஊசியாக மாற்றிக்கொள்ளலாம். தகட்டை மடித்துச் செய்த உள்ளீடற்ற கண்ணிகள் விரிந்துவிட்டால் செயினையே தூக்கிப் போட்டுவிட்டுத் தோல் அல்லது துணி வார் போடுங்கள்.

கழன்ற முள்ளைத் திரும்பப் பூட்டுவது சில நிமிட வேலை. அதுவரை ஓடவிடாதீர்கள், உருளும் முள் மற்ற முட்களில் சிக்கிக்கொள்ளும்.

விளக்கை அணைத்த சில நிமிடங்களிலேயே ஒளி மங்கினால் அது பழைய துத்தநாக சல்ஃபைடு வகைப் பூச்சு. நல்ல கடிகாரங்களில் 1990-களிலிருந்து பரவிய ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பூச்சு பல மணி நேரம் ஒளிரும். இதற்காகச் செலவு செய்ய வேண்டாம்.

கோளாறு: அசல் என்று சொல்லி விற்றார்கள், இப்போது சந்தேகம்

விரைந்து செயல்பட்டால் இதில் பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. முதலில் எதையும் கழற்றாமல், செயினை வெட்டிச் சுருக்காமல், வந்த பெட்டி, ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பொருளின் நிலை மாறிவிட்டால் விற்றவருக்கு அதுவே சாக்காகிவிடும்.

பெட்டியும் உத்தரவாத அட்டையும் சான்றல்ல; அவையும் நகலெடுக்கப்படுகின்றன. வரிசை எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள்: ஒரே எண்ணை ஆயிரக்கணக்கான நகல்களில் பொறிப்பது இந்தத் தொழிலின் வழக்கம். உருப்பெருக்கியை வைத்து டயல் எழுத்துகளின் விளிம்பைப் பாருங்கள். மலிவான அச்சில் மை பரவியிருக்கும். ரோலக்ஸ் போன்ற கடிகாரத்தில் தேதிக்கு மேல் உள்ள குமிழ்க் கண்ணாடி தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும். மலிவான நகல்களில் தேதி சிறிதாகவே தெரியும். கண்ணாடி சஃபையர் என்ற கடினமான வகையா என்று அறிய அதில் நீர்த்துளி இட்டுப் பார்க்கும் சோதனை எதையும் நிரூபிக்காது; இப்போது பல நகல்களிலும் சஃபையர் கண்ணாடி வருகிறது. ‘சுவிஸ் மேட்’ என்ற எழுத்தும் தனியாக ஒன்றும் சொல்லாது. 2017 முதல் அந்தச் சொல்லுக்கு உற்பத்திச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்கு வெளியே இருப்பவர் அதை அச்சிடத் தயங்குவதில்லை.

உறுதியான பதில், பின் மூடியைத் திறந்து மெஷினைப் பார்த்தால்தான் கிடைக்கும். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்திலோ அனுபவமுள்ள கடிகார வல்லுநரிடமோ எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள். அட்டை மூலம் பணம் செலுத்தியிருந்தால் வங்கியில் முறையிடலாம். போலிப் பொருள் என்பதற்காகப் பணத்தைத் திரும்பக் கோர அட்டை நிறுவனங்களின் விதிகளில் தனி வகையே இருக்கிறது. அதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் நாள் கடத்தாதீர்கள். நேரடிப் பணமாற்றமாக அனுப்பியிருந்தால் மீட்பது மிகக் கடினம். முன்பின் தெரியாத விற்பனையாளர் அட்டையை மறுத்து நேரடிப் பணமாற்றத்தை வற்புறுத்தினால், பேரம் அத்துடன் முடியட்டும்.

கோளாறு: பார்சல் வரவில்லை, சுங்கத்துறையிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது

பறிமுதல் செய்யப்பட்ட நகலைத் திரும்பப் பெற வழியில்லை, அழித்துவிடுவார்கள். பல நாடுகள் சொந்த உபயோகத்துக்கான ஒன்றிரண்டைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் சுவிட்சர்லாந்தில் 2008 முதல் தனியாரிடம் உள்ள ஒரே ஒரு போலியையும் பறிமுதல் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. பிரான்சிலும் இத்தாலியிலும் வாங்கியவருக்கே அபராதம் விழலாம். அந்த நாடுகளுக்குப் பயணம் போகும்போது கையில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் பதிலளிக்கக் கெடு இருந்தால் அதற்குள் பதிலளியுங்கள். ‘அபராதத்தை இந்த இணைப்பில் கட்டுங்கள்’ என்று வரும் குறுஞ்செய்தி பெரும்பாலும் மோசடி. நகல் விற்கும் தளத்தில் உங்கள் முகவரியும் எண்ணும் கொடுத்திருக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். அட்டை எண்ணையும் கொடுத்திருந்தால் அட்டையை முடக்கிப் புதிது வாங்கிவிடுங்கள்.

கோளாறு: பழுதுபார்க்க யாரும் முன்வரவில்லை

நிறுவனச் சேவை மையங்கள் போலியைத் தொடமாட்டார்கள். தனிக் கடைக்காரர்களும் மறுப்பதற்கு நியாயமான காரணம் உண்டு: உதிரி கிடைக்காது, ஒன்றைத் தொட்டால் மற்றொன்று உடையும், உடைந்தால் பழி அவர் தலையில் விழும். பேட்டரி, ஊசி, வார், ரப்பர் வளையம் ஆகிய நான்கைத் தாண்டி நகலுக்குச் செலவு செய்வதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

அந்த வடிவம்தான் பிடித்திருக்கிறது என்றால், அதே சாயலில் தன் சொந்தப் பெயரைப் போட்டு வெளிவரும் கடிகாரங்கள் இருக்கின்றன. மற்றவர் பெயரைத் திருடாதவை அவை. பலவற்றில் சீகோவின் என்.ஹெச். 35, மியோட்டா 8215 போன்ற மெஷின்கள் இருக்கும். உத்தரவாதம் உண்டு, உதிரி உண்டு, எந்தக் கடைக்காரரும் தயங்காமல் திறப்பார். வாங்கும் முன் மெஷினின் எண்ணைக் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத விற்பனையாளரை விட்டு விலகுங்கள்.

பழைய நகலை விற்றுக் காசாக்க நினைக்காதீர்கள். ‘நகல்’ என்று சொல்லி விற்றாலும் வணிக முத்திரைச் சட்டப்படி விற்பது குற்றமாகலாம். சொல்லாமல் விற்றால் அது ஏமாற்று. நல்ல வாரை எடுத்து வேறு கடிகாரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றி இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றிப் பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். அதுவரை குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மீதமுள்ள மெஷினும் கூடும் மின்னணுக் கழிவில் சேரும்.